நாலு கார்டும் ஒரு குடமும்

என் மகள் சென்னையிலிருந்து வந்து இறங்கிய அன்று, ஆட்டோவிலிருந்து முதலில் இறக்கியது துணிப்பெட்டியை இல்லை. பழைய போர்வையில் சுற்றிக் கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டியை. "பைய அண்ணாச்சி, பைய" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே தானும் ஒரு பக்கம் பிடித்தாள். உள்ளே கண்ணாடிச் சாமான் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் மாட்டுகிற கார்டுகள் என்று பிறகு தெரிந்தது. மொத்தம் நாலு.

கார்டு என்றால் நான் ரேஷன் கார்டு போல நினைத்திருந்தேன். இது ஒவ்வொன்றும் செங்கல் கனம் இருந்தது, செங்கல்லைவிட நீளமாகவும் இருந்தது. ஒரு முகத்தில் சின்ன ஃபேன் மாதிரி இரண்டு காத்தாடி, பெரியது ஒன்றில் மூன்று. நாலும் நாலு சைஸ். ஒன்று மட்டும் சின்னது. அதைத் தனியே எடுத்து, "இது என்னோட முதல் கார்டும்மா" என்று காட்டினாள். பழைய சைக்கிளைக் காட்டுகிற மாதிரி இருந்தது அவள் முகம்.

அவளுடைய வேலை, இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோலப் படமாகக் காட்டுவது. கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே வாசலில் வெயில் விழுவதும் ஜன்னல் திரை அசைவதும் அவள் படத்தில் தெரியும். சென்னையில் பத்து வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தாள். ஆள் குறைத்தபோது அவளையும் குறைத்துவிட்டார்கள். இது போன மாசியில். அவளுக்கு வயது முப்பத்தாறு. கல்யாணப் பேச்சை நாங்கள் இரண்டு பேரும் எடுப்பதில்லை.

எங்கள் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றுக்குப் போகிற தெருவில் இருக்கிறது. மாமனார் கட்டிய வீடு. அவர் போனபிறகு இரண்டு மகன்களும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். முற்றத்தையும் கிணற்றையும் பிரிக்க முடியவில்லை. கிணற்று மோட்டாரும் பொது. கரண்ட் கனெக்‌ஷனும் மாமனார் பெயரிலேயே ஒன்றாக இருக்கிறது. போர்டும் மோட்டார் சுவிட்சும் அந்தப் பக்கத்து நடைவழியில் இருக்கின்றன. அந்தப் பக்கம் என் வீட்டுக்காரருடைய அண்ணன் இருக்கிறார்.

அவரை மூத்தவர் என்றுதான் நான் எழுதமுடியும். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லப்போனால் அவரிடம் எதையுமே சொல்லிப் பழக்கமில்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில், புருஷனுக்கு மூத்தவர் முன்னால் நின்று பேசக்கூடாது என்று மாமியார் ஒரே ஒரு முறை சொன்னார். மற்ற வீடுகளில் இரண்டு பிள்ளை பெற்றதும் அது தானாக விட்டுப்போகும். எனக்கு விட்டுப்போகவில்லை. யாரும் தடுக்கவில்லை. எனக்கு முதலிலிருந்தே ஆள் முன்னால் பேச்சு வராது. அஞ்சாம் வகுப்பில் வாத்தியார் பாட்டு ஒப்பிக்கச் சொன்னால், தெரிந்த பாட்டையும் தெரியாது என்று சொல்லிவிட்டு பெஞ்சில் ஏறி நிற்பேன். அப்படிப்பட்டவளுக்கு அந்த வழக்கம் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது. இப்படியே நாற்பத்தேழு வருஷம் போய்விட்டது.

அவர் மனைவியை அக்கா என்பேன். அக்கா இருந்தவரை சிரமமே இல்லை. எதுவானாலும் அக்காவிடம் சொல்லுவேன், அக்கா அங்கே போய்ச் சொல்லுவாள். சில நேரம் அவர் மூன்றடி தள்ளி ஈசிச்சேரில் இருப்பார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் அக்கா திரும்பி, "கேட்டேளா, நாளைக்கி அவ அம்மை வாராளாம்" என்பாள். அப்புறம்தான் அவர் தலையை ஆட்டுவார்.

என் வீட்டுக்காரர் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போனார், அக்கா ஆறு வருஷத்துக்கு முன்னால் போனாள். அக்கா போனபிறகு தண்ணீருக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. தொட்டி காலியானால் சொல்லி அனுப்ப ஆள் இல்லை. ஒருநாள் வெறும் பித்தளைக் குடத்தைக் குழாயடிக் கல்லில் வைத்தபோது கை தவறி ணங்கென்று சத்தம் வந்தது. ஒரு நிமிஷத்தில் மோட்டார் ஓடியது. அதிலிருந்து அதுவே எங்களுக்குப் பேச்சு. குடம் சத்தம் கேட்டால் தண்ணீர் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முற்றத்துக்கு வரும் முன் அவர் ஒருமுறை இருமுவார், நான் உள்ளே போய்விடுவேன். நான் அதற்குள் போகாவிட்டால் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கடந்துபோவார். மரியாதை தெரிந்த மனிதர்.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நாலும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அடங்கவில்லை. பெட்டியின் மூடியைக் கழற்றி ஒன்றை வைத்ததுமே அடுத்ததற்கு இடமில்லை. என்னுடைய பலசரக்கு ரேக்கைக் கேட்டாள். ஓட்டை போட்ட இரும்புச் சட்டத்தில் செய்தது. புளிப்பானையையும் பருப்பு டப்பாக்களையும் கீழே இறக்கி வைத்து, துடைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கார்டையும் திருகாணி போட்டு அதில் வரிசையாகத் தொங்கவிட்டாள். ரிப்பன் போன்ற பட்டை வயர் ஒவ்வொன்றிலிருந்தும் கீழே இருந்த பலகைக்கு ஓடியது. கரண்ட் கொடுக்கிற பெட்டி ஒன்று போதாது என்று இரண்டு வைத்தாள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கார்டு. என்னுடைய அறைதான் வீட்டிலேயே காற்று வருகிற அறை, மேற்கே ஜன்னல். ரேக்கை அங்கே போட்டாள். நான் கூடத்துக்கு வந்துவிட்டேன். அவள் கேட்கவில்லை, நானாகப் பாயை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நாலும் சேர்ந்து ஓடினால் ஓட்டின்மேல் மழை பெய்வதுபோல ஓயாத சத்தம் வரும். மழையில் வாசனை வரும், இதில் சூடுதான் வரும்.

மூத்தவர் அதைப் பார்க்க வந்தார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"என்னட்டி இது, நாலு இஸ்திரிப்பெட்டியக் கட்டித் தொங்க விட்டிருக்க?"

"இஸ்திரிப்பெட்டி இல்ல பெரியப்பா. படம் போடுத கார்டு."

"படம் போடவா இம்புட்டுச் சூடு? மேல ஒரு தோசைக்கல்லப் போட்டேன்னா உங்க அம்மைக்கு கேஸ் மிச்சம்."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் வெளியே போய்விடக்கூடாது.

"ஒண்ணு போதாதா, எதுக்கு நாலு?"

"ஒண்ணுன்னா பத்து நாளு ஓடும். நாலுன்னா மூணு நாள்ல முடிஞ்சிரும்."

"மில்லுலயும் இப்படித்தான் நாலு மெஷின ஒரு ஆள்ட்ட குடுப்பான். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ஆளு எந்திரிச்சா மெஷின நிறுத்திட்டுத்தான் எந்திரிக்கணும். ஆளில்லாம ஓடுச்சுன்னா அது மெஷின் இல்ல, பேயி."

அவர் முப்பது வருஷத்துக்கு மேல் நூல்மில்லில் இருந்தவர். மகள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அந்த வார்த்தையை அப்போது நாங்கள் யாரும் மனதில் வைக்கவில்லை.

அவர் போனபிறகு நான் கேட்டேன், "நாலையும் சேத்தா நாலு மடங்கு மூளையாட்டி?"

"வேகம் சேரும்மா. ஞாபகம் சேராது."

"அது எப்படி?"

"ஒவ்வொரு கார்டும் முழுப்படத்தையும் தன் தலையில தனியா வச்சிருக்கணும். ஒண்ணுக்குப் பாரம் கூடுச்சுன்னா இன்னொண்ணு வாங்கிக்கிடாது. அதனால இந்தச் சின்னதுக்கு எம்புட்டுக் கொள்ளுமோ, அம்புட்டுத்தான் எல்லாத்துக்கும்."

எனக்கு அது என்னவோபோல் இருந்தது. ஒரே ரேக்கில் தோளோடு தோள் நிற்கின்றன, ஒரே வேலையைச் செய்கின்றன, ஆனால் ஒன்றின் சுமையை இன்னொன்று தொட முடியாது.

அப்போது அவளுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பரீட்சை வைத்திருந்தது. ஏரிக்கரையில் கட்டப்போகிற ஓர் ஓட்டலை இரண்டு நிமிஷப் படமாக, தண்ணீர் அசைவது முதல்கொண்டு காட்டவேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள் அனுப்பவேண்டும். பிடித்துப்போனால் ஒரு வருஷ வேலை, இங்கிருந்தே செய்யலாம். பெங்களூரிலும் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டிருந்தது. அங்கே போய்த்தான் இருக்கவேண்டும். திங்கட்கிழமை பதில் சொல்லுகிறேன் என்று அவர்களை நிறுத்திவைத்திருந்தாள்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். படம் போய்ச் சேர்ந்தால் அவள் இங்கே இருப்பாள். சேராவிட்டால் போய்விடுவாள். இங்கேயே இரு என்று நான் அவளிடம் சொன்னதில்லை. அவள் வந்து நாலு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைக்கிறேன், அது அவளுக்குத் தெரியாதா என்று இருந்தேன்.

ஏரியின் அக்கரையில் நிறைய மரம் போட்டிருந்தாள். எல்லாவற்றையும் அந்தச் சின்னக் கார்டு தாங்கவில்லை. உட்கார்ந்து மரங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். எனக்குத் தாளவில்லை.

"அந்தச் சின்னத எடுத்துட்டு மத்த மூணையும் வச்சுச் செய்யக்கூடாதா?"

"மூணுன்னா வெள்ளிக்கிழமை முடியாதும்மா. மரம் போனாப் போகுது. கம்பெனிக்காரன் மரத்தையா எண்ணப்போறான்?"

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓடவிட்டாள். அன்றிலிருந்து நான் செய்த உதவியெல்லாம் எதையும் செய்யாமல் இருந்ததுதான். மிக்ஸி போடவில்லை, அம்மியில் அரைத்தேன். கிரைண்டரைத் தொடவில்லை. இஸ்திரி போடவில்லை. அந்த அறைப் பக்கம் பல்லி வந்தால் விளக்குமாற்றை ஆட்டி விரட்டினேன். அங்கே போய் நின்று பார்ப்பேன். கார்டுகளில் சின்னச் சின்ன விளக்கு எரியும். நன்றாக ஓடுகிறதா, கஷ்டப்படுகிறதா என்று அவற்றின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அடுப்பில் இருக்கிற சோற்றைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு மூத்தவர் வழக்கம்போல மோட்டார் போட்டார். விளக்கு மங்கி எரிந்தது, அறையிலிருந்து மழைச் சத்தம் பட்டென்று நின்றுவிட்டது. மோட்டார் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் வீட்டுக் கரண்டை எல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளுமாம். மகள் பாயிலிருந்து எழுந்து ஓடினாள். நல்லவேளையாக மறுபடி கிளம்பிவிட்டது, கொஞ்ச நேர வேலைதான் போயிற்று. அவளிடம் யூபிஎஸ் ஒன்று இருந்தது. நாலு கார்டும் ஓடினால் பாரம் தாங்காமல் கீச்சென்று கத்தியது. அதனால் அதைக் கழற்றிவிட்டு நேரே சுவரில் மாட்டியிருந்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் மூத்தவர் ரொம்பச் சங்கடப்பட்டுவிட்டார்.

"அறிவில்லாமப் போட்டுட்டனே. இனி நீ சொல்லாமப் போடமாட்டேன் பிள்ளே."

வியாழக்கிழமை காலையில் சொன்னபடியே முற்றத்தில் நின்று, "பிள்ளே, போடலாமா?" என்று கேட்டார். மகள் கம்ப்யூட்டரைப் பதனமாக நிறுத்திவைத்துவிட்டு, "போடுங்க பெரியப்பா" என்றாள். தொட்டி நிறைந்ததும் மறுபடி ஓடவிட்டாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை விடியுமுன் அவர் களக்காட்டுக்குத் துட்டி கேட்கப் போய்விட்டார், தூரத்துச் சொந்தத்தில் யாரோ இறந்துபோனார்களாம். மோட்டார் போடவில்லை. தெருவில் சாக்கடைக்குத் தோண்டினவர்கள் பத்து மணிக்கு இன்டர்நெட் கேபிளை வெட்டிவிட்டார்கள். படம் முடிந்தாலும் அனுப்ப வழியில்லை, போனில் போகிற அளவு இல்லையாம் அது. மகள் இரண்டு மணி நேரம் போன் போட்டுப் பார்த்தாள், யாரும் வரவில்லை. வேறு இன்டர்நெட் ஏற்பாடு செய்து வருகிறேன் என்று பாளையங்கோட்டைக்குக் கிளம்பினாள்.

"நாலரைக்கெல்லாம் அது தானா முடிஞ்சிரும்மா. நீ ஒண்ணையும் தொடாண்டாம். கரண்ட் மட்டும் இருந்தாப் போதும். நான் நாலேமுக்காலுக்குள்ள வந்திருதேன்."

மூத்தவர் இரண்டு மணிவாக்கில் வந்தார். கேட் சத்தம் கேட்டது. குளித்துவிட்டுப் படுத்திருப்பார்.

மூன்றரைக்கு மகள் பஸ்ஸிலிருந்து பேசினாள்.

"எம்மா, பெரியப்பா வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க. உறங்குதாங்க."

"காலைல மோட்டார் போடலல்லா, எந்திரிச்சதும் போட்டாலும் போட்டிருவாங்க. அஞ்சு மணி வரைக்கும் போடாண்டாம்னு சொல்லிரு."

"நானா?"

"அவங்க போன் ஆஃப்ல இருக்கும்மா. ஞாயித்துக்கிழமைதான ஆன் பண்ணுவாங்க. நீ எதிர்வீட்டு அத்தைட்டயாவது சொல்லிவிடு. கட்டாயம் சொல்லிரு, என்ன?"

சரி என்று சொன்னேன். எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது.

சீட்டு எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன். காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுத உட்கார்ந்தேன். எடுத்ததும் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வாயால் கூப்பிடாத மனிதரை எழுத்தில் எப்படிக் கூப்பிடுவது? 'அத்தானுக்கு' என்று எழுதினேன். பார்க்கவே கூசியது, அடித்துவிட்டேன். கூப்பிடாமலே, '5 மணி வரை மோட்டார் போட வேண்டாம்' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தால் மூத்தவருக்கு உத்தரவு போட்டதுபோல் இருந்தது. இன்னொரு தாள் கிழித்து, 'தயவு செய்து' என்று ஆரம்பித்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் மூன்றேமுக்கால்.

சீட்டை எங்கே வைப்பது? சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டலாம், ஆனால் அக்கா போனபிறகு நான் அந்த நடையில் கால் வைத்ததில்லை. அவர் கதவு திறந்திருந்தது, கட்டில் ஓரம் வெளியிலிருந்தே தெரிந்தது. ஆள் உறங்குகிற இடத்துக்குள் எப்படிப் போவது?

முற்றத்தில் நிற்போம், அவர் வரும்போது சீட்டை நீட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். கையில் ஒன்றும் இல்லாமல் முற்றத்தில் நிற்க எனக்குத் தெரியாது. குடத்தை எடுத்துக்கொண்டேன்.

அந்தக் குடத்தை மட்டும் எடுக்காமல் இருந்திருக்கலாம். இதை எழுதும்போதும் கை அங்கேயே நிற்கிறது.

குழாயடியில் நின்றேன். ஆனிக் காற்று நல்ல வேகமாக இருந்தது, கொடியில் துணி படபடவென்று அடித்தது. என் அறை ஜன்னலிலிருந்து வந்த கார்டுகளின் சத்தம் அந்த இரைச்சலில் கலந்துபோய், பழகின காதுக்குத்தான் தெரிந்தது. இன்னும் முக்கால் மணிநேரம் ஓடினால் போதும். சீட்டை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தேன், வேர்வையில் நனைந்துவிட்டது. சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒப்பித்துப் பார்த்தேன். 'அஞ்சு மணி வரைக்கும் போடாண்டாம்னு பிள்ளை சொன்னா.' அவ்வளவுதான். 'பிள்ளை சொன்னா' என்று சேர்த்துக்கொண்டால் நான் சொன்னதாகாது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவர் இருமினார். எப்போதும் அந்தச் சத்தத்துக்கு என் கால் தானாக உள்ளே போய்விடும். அன்றைக்கு இரண்டு காலையும் ஊன்றி நின்றேன்.

நடையைத் தாண்டி வந்தவர் என்னைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போவதற்காகக் கொஞ்சம் காத்திருந்தார். நான் போகவில்லை. அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது. சுவரைப் பார்த்து, யாரிடமும் இல்லாததுபோலச் சொன்னார்.

"பிள்ளை செருப்பக் காணல. வெளிய போயிருக்கா போல."

இப்போது சொல்லிவிடவேண்டும். வாயைத் திறந்தேன். சீட்டு இருந்த கையைத்தான் நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. எனக்கு மரியாதை செய்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர் எப்படிப் பார்ப்பார்? இன்னும் எட்டி நீட்டியதில் இடுப்பிலிருந்த குடம் நழுவி, குழாய்க்கு நேர் கீழே கல்லில் நிமிர்ந்தபடி விழுந்தது. ணங்கென்று சத்தம்.

"அடடே, காலைலேர்ந்து தண்ணி இல்லாமலா இருக்காக" என்று அவர் சுவரிடம் பதறினார். "பிள்ளையும் இல்ல, மெஷின நிறுத்திட்டுத்தான் போயிருப்பா. இந்தா, இப்பப் போடுதேன்."

"வேண்டாம்" என்று நான் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வெளியே வந்ததா, உள்ளேயே நின்றுவிட்டதா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அவர் அதற்குள் நடைக்குள் வேகமாகப் போய்விட்டார். எண்பதை நெருங்குகிற மனிதர், எனக்குத் தண்ணீர் இல்லையே என்று அப்படிப் போனார்.

மோட்டார் கிளம்பியது. ஜன்னலில் மழை நின்றது.

உள்ளே ஓடினேன். எல்லா விளக்கும் அணைந்து கிடந்தது. கரண்ட் பெட்டி ஒன்றிலிருந்து கருகின வாடை வந்தது. ஒரு காத்தாடி மட்டும் தயங்கித் தயங்கி இரண்டு சுற்று சுற்றி நின்றுவிட்டது. நான் ரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடு அப்படியே இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போடலாம். இதில் எங்கே கை வைப்பது, எதை அமுக்குவது என்று தெரியவில்லை. மகளுக்குப் போன் போடத் தெரியும், போடவில்லை. என்னவென்று சொல்லுவேன்?

வெளியே திறந்துகிடந்த குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும் குடம் நிறைந்து வழிகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன.

மகள் நாலே முக்காலுக்குச் சொன்னபடி வந்தாள், கையில் இன்டர்நெட் டப்பாவோடு. அறை வாசலில் நின்றதுமே சத்தம் இல்லாதது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைத்தான் நான் மறக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். பிறகு வாடையை உணர்ந்தாள்.

பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வயராகக் கழற்றினாள். ஒரு கரண்ட் பெட்டி போய்விட்டது. அதோடு மாட்டியிருந்த இரண்டில் பெரிய கார்டும் போய்விட்டது, இன்னொன்று தப்பித்தது. நல்ல பெட்டியில் ஏற்கெனவே இருந்த இரண்டையும் மட்டும் வைத்து, அஞ்சு மணிக்கு ஓடவிட்டாள். அந்தச் சின்னக் கார்டு ஒழுங்காக ஓடியது. முக்கால் மணிநேர வேலையை இரண்டு கார்டு செய்ய ராத்திரி ஏழேகால் ஆகிவிட்டது. அதற்குப்பிறகு அனுப்பினாள். தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று ஒரு வரி எழுதினாள், எனக்கு வாசித்தும் காட்டினாள். கரண்ட் போய்விட்டது என்று எழுதியிருந்தாள்.

சாப்பிடும்போது நானே சொன்னேன்.

"நான் பெரியப்பாட்ட சொல்லலட்டி."

"தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"நம்ம வாசப்படில நெறகுடம் இருந்துச்சு. தட்டு போட்டு மூடி வச்சிருந்தாங்க. நீ தூக்கியிருந்தா அடுக்களைக்குள்ளல்லா இருக்கும்."

நான் அதைப் பார்க்கவே இல்லை. குழாயடியில் குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேனே, அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு அதைத் தூக்கிக்கொண்டுவந்து எங்கள் படியில் வைத்திருக்கிறார். தூசி விழாமல் மூடியும் வைத்திருக்கிறார்.

"நாப்பத்தேழு வருசமாப் பேசாதவட்ட ஒரு பஸ்ஸுக்குள்ள இருந்து பேசச் சொன்னேன் பாரு, எனக்குத்தான் கூறு இல்ல" என்றாள் மகள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என் தட்டில் ரசத்தை ஊற்றினாள். "பெரியப்பாவுக்கு இது தெரிய வேண்டாம். ஒடஞ்சு போயிருவாங்க."

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து பதில் வந்தது. படம் நன்றாக இருந்ததாம். நேரத்துக்கு அனுப்பின வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அன்று மத்தியானமே பெங்களூருக்குப் பேசினாள். நான் அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தேன். இனி மிக்ஸி போடலாம் என்பது அரைத்து முடித்தபிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆடி பிறப்பதற்கு முன்னால் புறப்பட்டாள். அவள் துணி மடித்துவைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இங்கேயே இருந்துகொண்டு வேறு வேலை தேடேன் என்று சொல்ல நினைத்தேன். அவள் ஒரு சேலையை மடித்து முடிக்கும்வரை நினைத்தேன், அடுத்ததை மடிக்கும்போதும் நினைத்தேன். "முறுக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்டேன். வை என்றாள்.

மூத்தவர் கேட் வரை வந்தார். "ஏட்டி, அங்கன போயி நாலு இஸ்திரிப்பெட்டியும் வச்சுருவியா, இல்ல தோசை சுடுவியா?" என்று கேட்டார். அவளும் சிரித்தாள். "மூணுதான் கொண்டு போறேன் பெரியப்பா. ஒண்ணு ரிப்பேரு."

"அது எப்படி ரிப்பேராச்சு?"

"பழசுல்லா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

ரிப்பேரான பெரிய கார்டை அவள் ரேக்கிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். ரேக்கை அடுக்களைக்குக் கொண்டுவந்துவிட்டேன். புளிப்பானையும் பருப்பு டப்பாக்களும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. மேல்தட்டில் அந்தக் கார்டு இருக்கிறது. வாரம் ஒருமுறை துணியால் துடைக்கிறேன். மூன்று காத்தாடியும் விரல் பட்டால் சுற்றும்.

இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. நான் அன்றைக்குச் சாயங்காலம் வெறுங்குடத்தோடு காத்து நின்றது மூத்தவர் மனதில் பதிந்துவிட்டது. காலையில் போடுகிற தண்ணீர் எனக்குப் போதவில்லை, கேட்கவும் தெரியாமல் நிற்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். அதிலிருந்து தினமும் நாலு மணிக்கு, உறங்கி எழுந்ததும் இன்னொரு தடவை மோட்டார் போடுகிறார். ஒரு நாள் தவறுவதில்லை. கூடத்து விளக்கு ஒருமுறை மங்கிப் பிரகாசமாகிறது.

எனக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. ஓர் ஆளுக்குக் காலைத் தண்ணீரே மிச்சம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. மோட்டார் சத்தம் கேட்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போகிறேன். போகாவிட்டால் அவர் தூக்கிக்கொண்டுவந்து படியில் வைத்துவிடுவார், இந்த வயதில் அது வேண்டாம். சத்தம் வராமல் பைய வைத்துப் பிடித்து, கிணற்றடிக் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டு வருகிறேன். அது இந்த வருஷம் சுவர் உயரத்துக்கு வந்துவிட்டது.